முதன்முதலாகக் கதைப்போர் நடத்துகிறவர்களுக்கு

மேசைமேல் சிறு வீரர் உருவங்களை நிறுத்தி, அளவுநாடாவும் பகடையும் வைத்து ஆடும் போர் விளையாட்டில் பெரும்பாலானவர்கள் முதலில் பழகுவது போட்டி ஆட்டம்தான். இரு பக்கமும் சம புள்ளிப் படை, சமமான மேசை, கடைசியில் யார் ஜெயித்தார் என்ற கணக்கு. கதைப்போர் வேறு வகை. அதில் ஒரு ஊரும் ஒரு நாளும் இருக்கும். ஆடுகிறவர் ஒவ்வொருவரும் அன்று அங்கே இருந்த ஒருவராக நின்று முடிவெடுப்பார்.

நான் தென் இங்கிலாந்தில் ஒரு சிறு கிளப்பில் நெடுநாளாக ஆடியும் நடத்தியும் வருகிறவன். நம் பிள்ளைகள் பலர் இப்போது இந்த விளையாட்டுக்கு வருகிறார்கள். வார்ஹேமரில் தொடங்கி, வண்ணம் தீட்டக் கற்று, ஒரு கட்டத்தில் "நாமே ஒரு நாள் நடத்தினால் என்ன அங்கிள்?" என்று கேட்கிறார்கள். அந்த ஆசை வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். சொல்லப் போவதெல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: அன்று வந்த ஒவ்வொருவரும் தான் எடுத்த ஒரு முடிவைப் பற்றிப் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போக வேண்டும். அதற்கு உதவுவதைச் செய்யுங்கள். உதவாததை விட்டுவிடுங்கள்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரே சண்டையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் 1643 டிசம்பர் 13 அன்று ஹாம்ப்ஷயரின் ஆல்டன் ஊரில் நடந்தது அது. நாடாளுமன்றத் தரப்புத் தளபதி சர் வில்லியம் வாலர் ஃபார்னத்திலிருந்து இரவில் புறப்பட்டார். அரசர் தரப்பு வசமிருந்த பேசிங் ஹவுஸ் பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி, சட்டென்று திரும்பி ஆல்டன்மேல் விழுந்தார். ஊரிலிருந்த அரசர் தரப்புக் குதிரைப்படைத் தலைவர் கிராஃபோர்ட் பிரபு குதிரைகளோடு வெளியேறிவிட்டார். காலாட்படையோடு மாட்டிக்கொண்ட கர்னல் ரிச்சர்ட் போல்ஸ் செயின்ட் லாரன்ஸ் தேவாலயத்துக்குள் ஒதுங்கி, அங்கேயே போரிட்டு மடிந்தார்.

1. கதையை இரண்டு வரியில் சொல்லிப் பாருங்கள்

படை எது, விதிநூல் எது என்று யோசிப்பதற்கு முன், நடக்கப் போவதை இந்த விளையாட்டே தெரியாத ஒருவரிடம் இரண்டு வரியில் சொல்லுங்கள். "இரவோடு இரவாக வந்து எதிரி ஊரைச் சூழ்ந்துவிட்டான். குதிரை உள்ளவன் தப்பலாம், காலாளாக இருப்பவன் தேவாலயத்துக்குள் நின்று நேரம் வாங்கிக் கொடுக்க வேண்டும்." கேட்டவர் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் உங்களிடம் கதை இருக்கிறது. "இரண்டு படை மோதுகிறது" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல முடியவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் படியுங்கள்.

பெரிய போர்களைவிடச் சிறிய சண்டைகளே ஒரு நாளுக்குப் பொருத்தம். மார்ஸ்டன் மூர் போன்ற களத்தை எட்டு மணி நேரத்தில் மேசையில் அடக்கப் பார்த்தால் மனிதர்கள் மறைந்து எண்ணிக்கைதான் மிஞ்சும். ஒரு பாலம், ஒரு பண்ணை வீடு, ஒரு தேவாலயம் போதும். சின்ன இடத்தில்தான் ஒரு தனி மனிதரின் முடிவுக்குக் கனம் கூடும்.

2. எட்டுப் பேரோடு நிறுத்துங்கள்

முதல் முறைக்கு ஆறிலிருந்து எட்டுப் பேர் சரியான அளவு. பக்கத்துக்கு நான்கு பேர், நடுவராக நீங்கள். பத்துக்கு மேல் போனால் ஒருவர் பகடை உருட்ட மற்றவர்கள் போனைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். ஆள் கூடினால் இன்னொரு நாள் வையுங்கள். இடம் கிடைக்கவில்லையே என்று கேட்டு அடுத்த முறைக்குப் பெயர் கொடுப்பவர்கள் இருப்பது உங்கள் கிளப்புக்கு நல்லது.

3. கிளப்பிடம் முதலில் பேசுங்கள்

மற்ற வேலைகளுக்கு முன் கிளப் செயலாளரைப் பாருங்கள். ஹால் எந்தத் தேதியில் கிடைக்கும், வாடகையை யார் கட்டுவது, சாவி யாரிடம், எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும், மடக்கு மேசைகள் எத்தனை, சமையலறையில் கெட்டில் உண்டா என்பதையெல்லாம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கிளப்பின் பொறுப்புக் காப்பீடு அந்த நாளுக்குச் செல்லுமா என்று கேளுங்கள். சிறுவர்கள் வருவதாக இருந்தால் பெற்றோரோ பொறுப்பான பெரியவரோ கூட இருக்க வேண்டும் என்பதை அழைப்பிலேயே போட்டுவிடுங்கள்.

தேதி குறிக்கும்போது பெரிய கண்காட்சிகளின் நாட்களைப் பாருங்கள். லண்டனில் சவுத் லண்டன் வார்லார்ட்ஸ் கிளப் ஆண்டுதோறும் நடத்தும் சல்யூட் போன்ற கண்காட்சியோடு மோதினால் உங்கள் ஆட்கள் பாதிப் பேர் அங்கே போய்விடுவார்கள்.

கிளப்பின் மூத்தவர்களில் ஒருவரையாவது உங்கள் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரிடம் நீங்கள் வாங்க முடியாத மரங்களும் வேலிகளும் வீடுகளும் பெட்டி பெட்டியாக இருக்கும். கேட்டால் தருவார். கேட்காமல் விட்டால்தான் மனம் வருந்துவார்.

4. எல்லாரும் ஆடக்கூடிய விதிகளை எடுங்கள்

புதிய கதையும் புதிய விதிநூலும் ஒரே நாளில் வேண்டாம். கிளப்பில் பாதிப் பேருக்காவது தெரிந்த விதிகளை எடுத்தால், தெரிந்தவர் பக்கத்திலிருக்கும் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்பார். ஆல்டனுக்கு நான் சொல்வது பைக்மேன்ஸ் லமென்ட். 2014-இல் வந்த லயன் ராம்பன்ட் விதிகளின் வழியில் அமைந்து, ஆஸ்ப்ரே பதிப்பகம் 2017-இல் வெளியிட்ட நூல். ஈட்டியும் துப்பாக்கியும் கலந்த அந்தக் காலத்துக்கென்றே எழுதியது. காலாட்படை அணி பெரும்பாலும் 12 உருவங்கள், குதிரைப்படை அணி 6. ஆளுக்கு மூன்று அணி கொடுங்கள். கற்பனை உலகம் பிடிக்கும் கூட்டமென்றால் 2015-இல் வந்த ஃப்ராஸ்ட்கிரேவ் போதும், ஆளுக்குப் பத்து உருவங்களில் ஆடிவிடலாம்.

எந்த விதியாக இருந்தாலும் பலர் சேர்ந்து ஆடுவதற்கு ஏற்றபடி ஓரிடத்தில் திருத்த வேண்டியிருக்கும். பைக்மேன்ஸ் லமென்ட் வகை விதிகளில் ஓர் அணிக்குக் கட்டளையிட்டுப் பகடை தவறினால் உங்கள் முறை அங்கேயே முடிந்து எதிரிக்குப் போய்விடும். இரண்டு பேர் ஆடும்போது அது நெஞ்சைப் படபடக்க வைக்கும். நான்கு பேர் ஒரு பக்கத்தில் நிற்கும்போது, முதல் ஆளின் பகடை தவறினால் மற்ற மூவரும் சும்மா நிற்பார்கள். ஆகவே தவறியவரின் முறை மட்டும் முடியும், மற்றவர்கள் தொடரலாம் என்று மாற்றுங்கள். இப்படிப்பட்ட மாற்றங்களை அரைப்பக்கத்தில் அச்சடித்து ஒவ்வொரு மேசையிலும் வைத்துவிடுங்கள். வாய்மொழியில் சொன்ன விதி மதியத்துக்குள் மறந்துபோகும்.

5. ஆளுக்கு ஒரு பெயர், ஒரு நோக்கம், ஒரு சங்கடம்

கதைப்போரின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1969-இல் டேவிட் வெஸ்லி என்பவர் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரை வைத்து ஓர் ஆட்டம் நடத்தினார். தளபதிகளுக்கு மட்டுமல்லாமல் ஊர்க்காரர்களுக்கும் ஆள் வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனி நோக்கம் கொடுத்தார். படைகள் மோதுவதற்குள் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பேரமும் சதியும் பேசத் தொடங்கிவிட்டார்கள். அங்கே ஆடிய டேவ் ஆர்னசன் அந்த எண்ணத்தை வளர்த்துக்கொண்டு போனதில்தான், கேரி கைகாக்ஸோடு சேர்ந்து 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பிறந்தது. ஒருவருக்குப் பெயரும் காரணமும் கொடுத்தால் அவர் எவ்வளவு தூரம் போவார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆளுக்கு ஓர் அட்டை எழுதுங்கள். ஐந்தாறு வரிக்கு மேல் வேண்டாம். ஆல்டனுக்கு இப்படி எழுதலாம்:

"நீங்கள் கர்னல் போல்ஸ். ஊரைக் காப்பது உங்கள் பொறுப்பு. ஊர் கைநழுவினால் தேவாலயத்துக்குள் போய் நில்லுங்கள். நீங்கள் தாக்குப்பிடிக்கும் ஒவ்வொரு சுற்றும் உங்களுக்கு ஒரு புள்ளி. சரணடைந்தால் உங்கள் ஆட்களின் உயிர் மிஞ்சும். எப்போது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்."

"நீங்கள் கிராஃபோர்ட் பிரபு. அரசருக்குக் குதிரைகள் தேவை. வின்செஸ்டர் சாலை வழியாக எத்தனை அணியை வெளியேற்றுகிறீர்களோ அத்தனை புள்ளி. ஆனால் நான்காவது சுற்றுக்கு முன் வெளியேறினால் போல்ஸைக் கைவிட்டவர் என்ற பெயர் உங்களுக்கு நிற்கும்."

"நீங்கள் வாலரோடு வந்த லண்டன் பயிற்சிப் படையின் தலைவர். உங்கள் ஆட்கள் கடைக்காரர்கள், தொழில் பழகும் பையன்கள். போன மாதம் பேசிங் ஹவுஸ் முன்னால் 'வீட்டுக்குப் போகிறோம்' என்று கத்தியவர்கள். மூன்றில் ஒரு பங்கை இழந்தால், ஊர் பிடிபட்டாலும் நீங்கள் தோற்றவர்தான்."

பாருங்கள், ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. நோக்கத்தை மட்டும் எழுதினால் ஆட்டக்காரர் நேர்க்கோட்டில் ஓடுவார். இரண்டு பக்கம் இழுக்கும் ஒன்றை எழுதினால்தான் நின்று யோசிப்பார். ஒரே பக்கத்தில் நிற்கும் இருவருக்குக் கொஞ்சம் முரணான நோக்கம் கொடுங்கள். போல்ஸும் கிராஃபோர்டும் ஒருவரையொருவர் பார்த்து "நீங்கள் எப்போது கிளம்பப் போகிறீர்கள்?" என்று கேட்கும் இடத்தில் நீங்கள் எதுவும் செய்யாமலே கதை நகரும்.

உண்மை வரலாற்றில் கிடைக்கும் சின்னச் சின்ன விவரங்களை வீணாக்காதீர்கள். சண்டைக்குப் பின் கிராஃபோர்ட், வாலருக்கு ஒரு கடிதம் எழுதினார். வாலர் முன்பு அனுப்பியிருந்த ஒயினை அவருக்கே விட்டுவர நேர்ந்துவிட்டது என்று வருந்தி, பிடிபட்ட தன் அறுவை மருத்துவரைத் திருப்பி அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். ஒரு பீப்பாயும் ஒரு மருத்துவரும் மேசையில் இரண்டு உருவமாக நின்றால் போதும், இரண்டு பேருக்குத் தனி நோக்கம் கிடைத்துவிடும். எங்கள் மேசையில் ஒருமுறை, முதல்முறையாக ஆட வந்த ஒரு பையன் அந்த மருத்துவரைக் காப்பாற்றுவதற்காகத் தன் கடைசி அணியைச் சந்துக்குள் திருப்பினான். சண்டையில் அவன் பக்கம் தோற்றது. அன்று மாலை எல்லாரும் பேசியது அந்தச் சந்தைப் பற்றித்தான்.

கற்பனைப் பாத்திரம் தேவைப்பட்டால் டோனி பாத்தின் வழி இருக்கிறது. ஹைபோரியா என்ற கற்பனை உலகில் பல ஆண்டுகள் தொடர்போர் நடத்தியவர் அவர். தன் மன்னர்கள், தளபதிகளின் குணத்தைச் சீட்டுக்கட்டிலிருந்து சீட்டு எடுத்துத் தீர்மானித்தார். பேராசையா, விசுவாசமா, சோம்பலா என்பதைச் சீட்டு சொல்லட்டும், அதற்கு உயிர் கொடுப்பது ஆடுகிறவர் வேலை.

6. பலம் சமமாக இருக்க வேண்டாம்

ஆல்டனில் வாலரிடம் சுமார் 5000 பேர். ஊரைக் காத்தவர்கள் அதைவிட மிகக் குறைவு. இதைச் சமமாக்கினால் அது ஆல்டன் ஆகாது. சமமாக்க வேண்டியது நோக்கம் நிறைவேறும் வாய்ப்பை. போல்ஸ் ஜெயிக்க முடியாது. ஆனால் ஐந்து சுற்று தாக்குப்பிடிக்க முடியுமா என்பது நிச்சயமில்லாமல் இருக்க வேண்டும். அந்த நிச்சயமின்மை இருந்தால் பலவீனமான பக்கத்தை ஆடுகிறவருக்குத்தான் அன்றைக்குச் சுவை அதிகம்.

"எதிரியை ஒழித்துக்கட்டு" என்பதை யாருக்கும் ஒரே நோக்கமாக வைக்காதீர்கள். அப்படி வைத்தால் இரண்டு மணி நேரம் வெறும் பகடைச் சத்தம்தான் கேட்கும். தப்பிப்பது, தாமதப்படுத்துவது, ஒன்றைக் கண்டுபிடிப்பது, ஒருவரை உயிரோடு கொண்டுவருவது என்று வினைச்சொற்களை மாற்றி மாற்றி வையுங்கள்.

7. காலையின் முடிவு மாலையை மாற்றட்டும், முடக்கக் கூடாது

ஒரு நாளில் இரண்டு ஆட்டம் வைப்பது வசதி. காலையில் இரண்டு சிறு மேசை, மாலையில் எல்லாரும் சேரும் ஒரு பெரிய மேசை. ஆல்டனுக்குக் காலை முதல் மேசையில் இரவுச் சாலை: அரசர் தரப்புச் சாரணர்கள் ஊருக்குச் செய்தி கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். இரண்டாவது மேசையில் ஒரு வெடிமருந்து வண்டி ஊருக்குள் வர முயல்கிறது. இந்த வண்டி நாமாகச் சேர்ப்பது, வரலாற்றில் தேடாதீர்கள். நடந்ததோடு முரண்படாத இப்படிப்பட்ட சேர்க்கையை நடத்துகிறவர் தாராளமாகச் செய்யலாம், அதைச் சேர்க்கை என்று சொல்லிவிட்டால் போதும்.

செய்தி போய்ச் சேர்ந்தால் மாலையில் போல்ஸுக்கு மூன்று தடுப்பு அதிகம். வண்டி வந்து சேர்ந்தால் தேவாலயத்திலிருந்து முதல் மூன்று சுற்றில் சுடும்போது பகடையை ஒருமுறை மறுபடி உருட்டலாம். இந்த அளவு போதும். காலையில் தோற்றவர் மாலையில் எழுந்திருக்கவே முடியாதபடி செய்துவிட்டால் அவருக்கு மதியத்தோடு நாள் முடிந்துவிடும். இரண்டு மேசையிலும் தோற்ற பக்கத்துக்கு ஒரு தெரிவு கொடுங்கள். மாலையில் தங்கள் படை எங்கே நின்று தொடங்குவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். தோற்றவருக்குக் கையில் ஒரு தெரிவு இருக்கும்வரை அவர் ஆட்டத்தில் இருக்கிறார்.

8. மேசையைக் கைக்கு எட்டும்படி போடுங்கள்

ஹாலில் இருக்கும் மடக்கு மேசை வழக்கமாக 6 அடி நீளம், இரண்டரை அடி அகலம். இரண்டைச் சேர்த்தால் 6 அடிக்கு 5 அடி. களத்தை 6-க்கு 4 அடியாக வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் ஓர் அடியில் பகடை, அட்டை, விதித்தாள், விழுந்த உருவங்கள் எல்லாம் அடங்கும். ஐந்து அடிக்கு மேல் அகலம் வைக்காதீர்கள். நடுவில் இருக்கும் அணியை எடுக்க எக்கும்போது சட்டைக் கை பட்டு ஒரு வரிசை ஈட்டிக்காரர்கள் சரிவதைப் பார்க்க யாருக்கும் பிடிக்காது. தேநீர்க் கோப்பைக்குத் தனி மேசை, சுவரோரமாக.

மேசையில் ஒரே ஒரு பொருள் எல்லாரையும் கிட்டே இழுக்க வேண்டும். ஆல்டனில் அது தேவாலயம். இன்சுலேஷன் போர்டு என்று கட்டடச் சாமான் கடையில் கிடைக்கும் கெட்டி நுரைப்பலகையில் சுவர் வெட்டி, கல் வரிகளைப் பென்சிலால் அழுத்திக் கீறி, சாம்பல் வண்ணம் பூசினால் தொலைவிலிருந்தே தெரியும். கூரையைத் தனியாகக் கழற்றும்படி செய்யுங்கள். 28 மில்லிமீட்டர் உருவங்களுக்கு 25 மில்லிமீட்டர் அடித்தட்டு என்றால், இரண்டு அணி, அதாவது 24 பேர் உள்ளே நிற்க 8 அங்குலத்துக்கு 5 அங்குலமாவது உள்ளளவு தேவை. முதலில் அடித்தட்டுகளை வரிசையாக வைத்து அளந்துகொண்டு சுவரை வெட்டுங்கள். தேவாலயம் நன்றாக அமைந்துவிட்டால் மற்ற வீடுகள் சாதாரணமாக இருந்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

9. நடத்துகிறவர் ஆடக் கூடாது

ஓர் ஆள் குறைகிறது என்று நீங்களே ஒரு படையை எடுத்துக்கொள்ள ஆசை வரும். வேண்டாம். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் இலைமுன் உட்காருவதில்லை. எந்த மேசையில் ஒருவர் முகம் வாடியிருக்கிறது, எங்கே விதித் தகராறு கிளம்புகிறது, யாருடைய நோக்கம் ஏற்கெனவே கைவிட்டுப் போய்விட்டது என்று பார்த்துக்கொண்டே நடக்க ஒருவர் வேண்டும்.

நடுவர் என்ற பதவி இந்த விளையாட்டுக்கு வெளியிலிருந்து வந்ததல்ல. பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-இல் படை அதிகாரிகளின் பயிற்சிக்காக வெளியிட்ட கிரீக்ஸ்ஷ்பீல் ஆட்டமே நடுவரை மையமாக வைத்ததுதான். 1876-இல் வெர்டி து வெர்னுவா, விதி அட்டவணைகளைக் குறைத்து அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பை நம்பும்படி சொன்னார். 1987-இல் வந்த முதல் வார்ஹேமர் 40,000 நூலும் ஆட்டத்தை நடத்த ஒரு நடுவர் இருப்பதையே எதிர்பார்த்தது. பின்னால் போட்டி ஆட்டம் வளர வளர அந்த நாற்காலி காலியானது. கதைப்போரில் அதை மறுபடி நிரப்புங்கள்.

விதியில் இல்லாத ஒன்றைச் செய்யலாமா என்று ஆட்டக்காரர் கேட்டால் அது உங்களுக்குக் கிடைத்த நல்ல செய்தி. அவர் கதைக்குள் வந்துவிட்டார். "முடியாது" என்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆறுமுகப் பகடையை உருட்டச் சொல்லுங்கள். நியாயமான யோசனை என்றால் 6-ம் அதற்கு மேலும் வந்தால் பலிக்கும். பத்துக்கு ஏழு வாய்ப்பு. துணிச்சலான யோசனைக்கு 8, பத்துக்கு நான்குதான். பலித்தால் ஊரே பேசும் என்பதற்கு 10, ஆறில் ஒன்று. கூரை வீட்டுக்குத் தீ வைத்து அந்தப் புகைக்குப் பின்னால் முன்னேறுகிறேன் என்று ஒருவர் சொன்னால், 8 வந்தால் இரண்டு சுற்றுக்குப் புகை மறைப்பு. 2 அல்லது 3 வந்தால் காற்று திரும்பிப் புகை அவர் ஆட்களின் கண்ணிலேயே அடிக்கும். உருட்டுவதற்கு முன் இரண்டையும் சொல்லிவிடுங்கள். விளைவு தெரிந்து உருட்டிய பகடையைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை.

10. ஒத்திகை பாருங்கள், கடிகாரத்தையும் பாருங்கள்

நிகழ்ச்சிக்கு முன் மாலை ஆட்டத்தை ஒருமுறையாவது நண்பர் ஒருவரோடு ஆடிப் பாருங்கள். வண்ணம் தீட்டாத உருவங்கள், புத்தகங்களை அடுக்கிய வீடுகள் போதும். குதிரைப்படை சாலைக்கு வர எத்தனை சுற்று ஆகிறது, தாக்குகிறவர் தேவாலயக் கதவைத் தொட எத்தனை சுற்று ஆகிறது என்று எழுதுங்கள். கதவைத் தொடும்போது ஆட்டம் பாதியைத் தாண்டியிருக்கக் கூடாது. தாண்டினால் படைகளை முன்னால் நகர்த்தி வைத்துத் தொடங்குங்கள்.

நாளின் அமைப்பு இப்படி இருக்கலாம்: 9.30-க்குக் கதவு திறப்பு, தேநீர், 10 மணிக்குக் கதை சொல்லி அட்டை கொடுத்தல், 10.20 முதல் 12.30 வரை காலை ஆட்டம், ஒரு மணி நேரம் சாப்பாடு, அதற்குள் நீங்கள் பெரிய மேசையை அமைத்துவிட வேண்டும், 1.30 முதல் 4 வரை மாலை ஆட்டம். 4 முதல் 4.30 வரை பேச்சு. 5 மணிக்கு ஹால் காலி. ஆட்டம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது "இதற்கு மேல் இரண்டு சுற்றுதான்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். முடிவு நெருங்குகிறது என்று தெரிந்தால்தான் கிராஃபோர்ட் குதிரையைத் திருப்புவார், வாலர் கதவை உடைக்க ஆளை அனுப்புவார்.

11. புதியவருக்கு ஒரு படை தயாராக இருக்கட்டும்

யாராவது ஒருவர் கடைசி நேரத்தில் வர முடியாமல் போவார். யாராவது ஒருவர் நண்பரை அழைத்து வருவார். இரண்டுக்கும் சேர்த்து ஆளுக்கு மூன்று அணி வீதம் இரண்டு படைகளை உபரியாகக் கொண்டு போங்கள். ஓர் ஆள் குறைந்தாலும் ஆட்டம் கெடாதபடி, யாரும் எடுக்காமல் விடக்கூடிய ஒரு பாத்திரத்தை முன்பே யோசித்து வையுங்கள்.

சொந்தப் படை இல்லாதவரும் வரலாம் என்று அழைப்பிலேயே எழுதுங்கள். இந்த விளையாட்டில் உருவங்களின் விலையும் வண்ணம் தீட்ட ஆகும் மாதங்களும் பலரை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. கதைப்போரில் படை நடத்துகிறவருடையதாக இருப்பது வழக்கம்தான். அதனால் புதியவருக்கு இதைவிட நல்ல நுழைவாயில் கிடையாது. அவருக்கு எளிய படையைக் கொடுங்கள், முக்கியமான பாத்திரத்தைக் கொடுங்கள். மூலையில் ஒரு காவல் அணியைக் கொடுத்து உட்கார வைத்தால் அவர் அடுத்த முறை வர மாட்டார். உருவத்தைத் தொடுமுன் கேட்க வேண்டும், அடித்தட்டைப் பிடித்துத் தூக்க வேண்டும் என்ற இரண்டையும் அன்போடு சொல்லிக் கொடுங்கள்.

12. இறந்தவர்களை மறக்காதீர்கள்

மேசையில் நகர்த்துவது வண்ண உருவங்கள். ஆல்டனில் செத்தவர்கள் மனிதர்கள். செயின்ட் லாரன்ஸ் தேவாலயம் இன்றும் இருக்கிறது. அதன் தெற்குக் கதவில் துப்பாக்கிக் குண்டுகள் துளைத்த அடையாளங்களைப் பார்க்கலாம். போல்ஸின் நினைவுப் பட்டயம் வின்செஸ்டர் பேராலயத்தில் இருக்கிறது. முடிந்தால் நிகழ்ச்சிக்கு முன் அந்த ஊருக்கு ஒரு நடை போய்வாருங்கள். கதையைச் சொல்லும் குரல் மாறிவிடும். தொடங்குமுன் இரண்டு நிமிடம் அன்று அங்கே இருந்தவர்கள் யார், எதற்காக நின்றார்கள் என்று சொல்லுங்கள். இரு பக்கத்தையும் நியாயத்தோடு சொல்லுங்கள்.

நானூறு ஆண்டுக்கு முந்தைய போருக்கே இது பொருந்தும் என்றால், வாழ்கிறவர்களின் நினைவில் இருக்கும் போருக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். இங்கே நம்மில் எத்தனையோ குடும்பங்கள் போரிலிருந்து தப்பி வந்தவை. எதிரில் நிற்பவர் யாரை இழந்தவர் என்று தெரியாமல் அப்படி ஒரு போரை மேசையில் வைக்காதீர்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் வேறு கதையை எடுங்கள். கதைகளுக்குப் பஞ்சமில்லை.

13. கடைசி அரை மணி நேரத்தைப் பேச்சுக்கு விடுங்கள்

ஆட்டம் முடிந்ததும் உருவங்களை அடுக்க விடாதீர்கள். எல்லாரையும் மேசையைச் சுற்றி நிறுத்தி, ஒவ்வொருவராகத் தங்கள் அட்டையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். "ஓ, அதனால்தான் அந்தச் சாலையை விட்டு நகரவில்லையா!" என்ற குரல் எழும். அந்த அரை மணி நேரத்தில்தான் எட்டுத் தனி ஆட்டங்கள் ஒரே கதையாகச் சேர்கின்றன. பிறகு வரலாற்றில் என்ன நடந்தது என்பதை நீங்கள் சொல்லுங்கள், ஒப்பிட்டுப் பார்த்துப் பேசுவார்கள்.

பரிசு வைப்பதென்றால் அதிகப் புள்ளிக்கு வைக்காதீர்கள். தன் பாத்திரத்துக்கு மிக உண்மையாக நின்றவர் யார் என்று ஆட்டக்காரர்களே கைதூக்கிச் சொல்லட்டும். நன்றாக வண்ணம் தீட்டிய படைக்கு இன்னொன்று. பரிசு ஒரு தூரிகையோ ஒரு பெட்டி உருவமோ போதும். நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு படத்தோடு கிளப்பில் எல்லாருக்கும் கொடுங்கள். கொடுத்து உதவிய மூத்தவரின் வேலிகளையும் வீடுகளையும் எண்ணி, துடைத்து, அன்றே திருப்பிக் கொடுங்கள். ஹாலைப் பெருக்கிவிட்டுச் சாவியைக் கொடுங்கள். கிளப் அடுத்த முறை உங்களுக்குத் தேதி தருவதும் தராததும் இதைப் பொறுத்தது.

ஹாம்ப்ஷயருக்கு இந்த விளையாட்டில் தனி இடம் உண்டு. 1962-இல் வார் கேம்ஸ் என்ற நூலை எழுதி ஒரு தலைமுறைக்கே வழிகாட்டிய டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் வாழ்ந்ததும் சவுத்தாம்டனில்தான். அவரும் டோனி பாத்தும் வீட்டு மேசையில், நண்பர்களோடு, தாங்களே எழுதிய விதிகளால் ஆடினார்கள். பெரிய அரங்கமோ பெரிய பணமோ அவர்களிடம் இருக்கவில்லை. உங்களுக்கும் அவை தேவையில்லை. எட்டு நண்பர்கள், இரண்டு மடக்கு மேசை, ஒரு தேவாலயம், எட்டு அட்டைகள் இருந்தால் நடத்திவிடலாம். இந்த வாரமே கிளப் செயலாளரிடம் பேசி ஒரு தேதி வாங்குங்கள். தேதி கையில் இருந்தால் மற்ற வேலைகள் தானாக நடக்கத் தொடங்கும்.